தொட்டில் வண்டி

உங்கள் அறையில் காற்று நன்றாக வருகிறது, மேடம். எங்கள் நிதித்துறைக் கட்டடத்தில் ஜன்னல் என்பது பேருக்குத்தான். திறந்தால் எதிர்க்கட்டடத்து ஏசி முகத்தில் அனலைக் கக்கும். இங்கே மரம் தெரிகிறது, அணில் தெரிகிறது. இப்படி ஒரு அறை கிடைத்திருந்தால் நான் இன்னும் நல்ல மனிதனாகக்கூட இருந்திருப்பேன். சும்மா சொன்னேன். இதையெல்லாம் தட்டச்சு செய்ய வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் விசாரிப்பது ஒரு டிரைவரின் வேலை நீக்கத்தை. பிறந்த குழந்தையை ஏற்றி வரச் சொல்லியும் அவர் வண்டியை எடுக்கவில்லை, அதனால் குழந்தை இறந்துபோனது என்பது அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு. அந்தக் குழந்தையின் பாட்டிக்கு நான் கூடப்பிறந்த தம்பி. என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பின்னணிக் குறிப்பு இல்லாமல் எங்கள் துறையில் ஒரு விசிறிகூட வாங்க முடியாது. அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன்.

அலுவலகத்தில் எனக்குக் கத்திரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. சுகாதாரத் துறையின் வரவு செலவுத் திட்டம் என் மேசை வழியாகத்தான் போகும். பட்ஜெட் பருவம் வந்தால் எங்கள் தளமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு துறையும் பரிவாரத்தோடு வரும். எல்லோரும் சிரித்தபடி வருவார்கள், கேட்பார்கள், நான் குறைப்பேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். பிஸ்கட் மட்டும் யாரும் மிச்சம் வைப்பதில்லை.

குறைப்பது ஒரு கலை, மேடம். வெளியே இருப்பவர்கள், எது தேவையில்லையோ அதைக் குறைப்போம் என்று நினைக்கிறார்கள். தேவையில்லாதது என்று ஒன்றும் கிடையாது. எங்கே சத்தம் குறைவாக வருமோ அங்கே குறைக்க வேண்டும். சாலையில் கை வைத்தால் ஒப்பந்தக்காரர்கள் கத்துவார்கள். பள்ளிக்கூடத்தில் கை வைத்தால் ஆசிரியர்கள் கொடி பிடிப்பார்கள். டாக்டர்கள் சம்பளத்தைத் தொட்டால் அன்றைக்கே மருத்துவமனை வாசலில் பந்தல் போட்டுவிடுவார்கள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தை நன்றாகத்தான் கத்தும், ஆனால் சட்டமன்ற வாசலில் வந்து கத்தாது.

தொட்டில் வண்டி என்று ஒரு திட்டம் இருந்தது. சின்ன ஊர் மருத்துவமனைகளில் குறை மாதத்திலோ, மூச்சுத் திணறலோடோ பிறக்கும் குழந்தைகளைத் தலைநகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வண்டி. உள்ளே சூடு குறையாத கண்ணாடிப் பெட்டி, ஆக்சிஜன், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ். நல்ல திட்டம். நான் இல்லை என்று சொல்லவே இல்லை. என் கையெழுத்தில்தான் அது ஆரம்பமானது.

ஒரு கோடையில் அந்த வண்டிகளின் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோய், புதுப்பிக்கிற காகிதம் எங்கேயோ மாட்டிக்கொண்டது. வண்டிகள் கொஞ்ச காலம் ஓடவில்லை. எனக்கே தெரியாது. பெரிய மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைப் பிரிவின் தலைமை டாக்டர் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. நீங்களும் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஒல்லியாக இருப்பார், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்.

"என் வார்டுல கட்டிலெல்லாம் காலியா கிடக்கு சார்" என்றார்.

"நல்ல விஷயம்தானே டாக்டர்?"

"காலியா இருந்தா புள்ளைங்க பொழைச்சிருச்சுன்னு அர்த்தமில்ல. வந்து சேரலன்னு அர்த்தம்."

"வந்து சேராத குழந்தை உங்க கணக்குல வராதே."

"அதத்தான் சார் நானும் சொல்றேன்."

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னோம். அவர் அதைப் புகாராகச் சொன்னார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அவர் போன பிறகு புள்ளிவிவரப் பிரிவிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பெரிய மருத்துவமனையில் குழந்தை இறப்பு விகிதம் இறங்கியிருந்தது. நிஜமாகவே மோசமான நிலையில் வருகிற குழந்தைகள் வரவில்லை அல்லவா, இறங்கத்தானே செய்யும். சரி, சின்ன ஊரில் ஏறியிருக்க வேண்டுமே என்று பார்த்தால், அங்கேயும் ஏறவில்லை. அங்கே 'மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். எழுதிய கையோடு குழந்தை அவர்கள் கணக்கைவிட்டு வெளியே போய்விடுகிறது. இங்கே வந்து சேர்ந்தால்தான் எங்கள் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாலை. சாலை எங்கள் துறையில் வராது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கே சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் எத்தனை திட்டம் போட்டு, எத்தனை ஆலோசகர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து இறக்க முடியாத எண்ணை, நின்றுபோன நாலு வண்டி இறக்கிவிட்டதே என்று.

அந்த வருஷம் அமைச்சருக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் வேண்டியிருந்தது. பெரிய மருத்துவமனைக்கு முன்னால், பார்த்தால் கண் கூசுகிற மாதிரி. கட்டடம் கேட்பது தப்பில்லை. கட்டடம் போட்டோவில் விழும், வண்டி விழாது. அதற்கான பணத்தை வேறு எங்கேயாவது குறைத்துத்தான் ஆக வேண்டும். சுகாதாரச் செயலாளர் என் அறைக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் தொட்டில் வண்டியைச் சொன்னேன்.

"அதை மூடறோம்னா கத்துவாங்களேப்பா" என்றார்.

"மூடவே வேண்டாம் சார். டோக்கன் ஒதுக்கீடு போட்டு வெச்சிருவோம்."

டோக்கன் ஒதுக்கீடு என்றால், மேடம், திட்டத்தின் பெயர் புத்தகத்தில் இருக்கும், அதற்கு எதிரே ஒரு அடையாளத் தொகையும் இருக்கும். யார் கேட்டாலும் திட்டம் இருக்கிறது என்று காட்டலாம். வண்டி ஷெட்டில் நிற்கும், டிரைவர் சம்பளப் பட்டியலில் இருப்பார். டீசல் இருக்காது, நர்ஸ் இருக்க மாட்டார். செயலாளர் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "கத்திரி, நீ பெரிய ஆளுய்யா" என்றார். நேருக்கு நேராக அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். தெரியாமல் செய்தால் அது அலட்சியம். நான் அலட்சியமாக எதையும் செய்கிறவன் இல்லை.

அடுத்த வருஷம் விகிதம் இன்னும் இறங்கியது. பாராட்டு வந்தது, கேடயம் வந்தது. கேடயம் வாங்குகிற போட்டோவில் நானும் ஒரு ஓரமாக இருக்கிறேன், பாதி முகம்தான் தெரியும். குழந்தை டாக்டர் அந்த விழாவுக்கு வரவில்லை. வார்டில் வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். காலியான வார்டில் அப்படி என்ன வேலை என்று நான் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிலருக்கு நகைச்சுவை பிடிபடாது.

இப்போது சிட்டுவுக்கு வருகிறேன். சிட்டு என் அக்கா மகள். பெயர் வேறு, நாங்கள் கூப்பிடுவது சிட்டு. எனக்குப் பிள்ளை கிடையாது, அதனால் அந்தச் செல்லமெல்லாம் அவளுக்குத்தான் போனது. சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு என் தலைமுடியைக் கடிவாளம் மாதிரிப் பிடித்துக்கொள்வாள். இன்று என் தலை இப்படி இருப்பதற்கு அவளும் ஒரு காரணம். ரயில் பாதை முடிகிற ஊரில் கல்யாணம் செய்து கொடுத்தோம். மாப்பிள்ளை சொந்தமாக அச்சகம் வைத்திருக்கிறார். தங்கமானவர், ஆனால் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு எழுத மாட்டார், சுவரொட்டி அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிடுவார்.

சிட்டு முழுகாமல் இருந்தபோது நான்தான் தினமும் பேசுவேன். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நேரம் தூங்கினாய் என்று. பிரசவத்துக்குத் தலைநகரத்துக்கே வந்துவிடேன் என்று அக்கா கூப்பிட்டாள். நான்தான், அங்கேயே நல்ல மருத்துவமனை இருக்கிறதே என்று சொன்னேன். அரசாங்கத்தில் இருக்கிற நானே அரசு மருத்துவமனையை நம்பாவிட்டால் எப்படி?

பட்ஜெட் தாக்கல் செய்கிற அன்று காலை, குறித்த நாளுக்கு முன்னாலேயே அவளுக்கு வலி எடுத்துக் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. நான் சட்டமன்றத்தில் அதிகாரிகளுக்கான மாடத்தில் இருந்தேன். கீழே நிதியமைச்சர் படித்துக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நடைக்கூடத்துக்கு வந்து எடுத்தேன்.

"மாமா, பாப்பா பொறந்துட்டா மாமா" என்றாள். சந்தோஷப்படுவதற்குள், "மூச்சு விடச் சிரமப்படறா. இங்க முடியாதுங்கறாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம். தொட்டில் வண்டி ஒண்ணு உண்டுன்னாங்க. கேட்டா, யாரோ மேலருந்து சொன்னாத்தான் வரும்ங்கறாங்க. நீங்க சொல்லுங்க மாமா" என்றாள்.

பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "பக்கத்து வீட்டுக் கார் வாசல்லயே நிக்குது, அதுலயே தூக்கிட்டுப் போயிரலாமான்னு கேளு."

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும், மேடம். நான் நிதானமாக யோசித்தேன். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, பழக்கம் இருந்ததால் வேகமாக வந்தது. வண்டி கிடையாது என்று உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை சும்மா இருக்க மாட்டார். சாயங்காலத்துக்குள் சுவரொட்டி அடித்துவிடுவார். சரி, காரிலேயே வாருங்கள் என்று சொன்னால், குழந்தை அந்த டாக்டரின் வார்டில்தான் போய் விழும். நிதித்துறை அதிகாரியின் வீட்டுக் குழந்தைக்கே வண்டி இல்லை என்று அவர் அன்றைக்கே சொல்வார். ஊரிலுள்ள அத்தனை நிருபர்களும் அன்று சட்டமன்ற வளாகத்தில்தான் இருந்தார்கள். கீழே அமைச்சர் சுகாதாரப் பகுதிக்கு வந்துகொண்டிருந்தார்.

"கார்ல வேண்டாம்மா" என்றேன். "வழியில குழந்தைக்குச் சூடு கொறஞ்சிரும், ஆபத்து. தொட்டில் வண்டி கிளம்பிருச்சு. நீ அசையாம இரு."

நான் சொன்னதில் மருத்துவ ரீதியாகத் தப்பே இல்லை. அந்த நிலையில் இருக்கிற குழந்தையைச் சாதாரணக் காரில் கொண்டுபோவது ஆபத்துதான். வேண்டுமானால் அந்த டாக்டரையே கேளுங்கள்.

"கிளம்பிருச்சா மாமா?" என்றாள். அந்தக் குரல் இருக்கிறதே. வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது அவளுக்கு. பிள்ளை பெற்ற உடம்பு, அவளுக்கு முதலில் வேண்டியது மன நிம்மதி. அதை நான் கொடுத்தேன்.

பிறகு அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். "எங்க மாமா வருது?" என்று கேட்பாள். எனக்கு அந்தச் சாலை நன்றாகத் தெரியும். ஆற்றுப் பாலம் தாண்டிவிட்டது என்றேன். பிறகு, சர்க்கரை ஆலை கிட்டே வருகிறது என்றேன். ஒருமுறை, "டிரைவர் கெட்டிக்காரரா மாமா?" என்று கேட்டாள். ரொம்ப நிதானமானவர், நர்ஸும் கூட வருகிறார் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே வண்டி கண்ணில் தெரிந்தது. நீல விளக்கு சுழல்கிறது, உள்ளே நர்ஸ் பெட்டியின் சூட்டைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக்கூட ஒரு தெம்பு வந்தது. நடுநடுவே மாடத்துக்குப் போய்ப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் சமாளிக்க முடியாமல், ரயில்வே கேட் போட்டிருக்கிறான், வண்டி அங்கே நிற்கிறது என்று சொன்னேன். அங்கேதான் மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. கேட் வரைக்கும் நாமே போய் வண்டியில் ஏற்றிவிடலாம் என்று குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு காரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். சிட்டுவும் எழுந்து கூடவே போயிருக்கிறாள். கேட் திறந்துதான் இருந்தது. வண்டி எதுவும் இல்லை. நேராகத் தலைநகரத்துக்கு வந்திருக்கலாம், ஆனால் மாமா சொன்னாரே, இங்கேதான் எங்கேயோ இருக்கும் என்று அந்தச் சாலையில் மேலும் கீழுமாகத் தேடியிருக்கிறார்கள். போகிற வருகிற லாரிக்காரர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள்.

குழந்தை சிட்டுவின் மடியிலேயே அடங்கிவிட்டது.

மேசை தட்டுகிற சத்தம் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. நான் அழுதேன், மேடம். அதைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். சாட்சி கேட்டால் மாடத்தின் காவலாளி இருக்கிறார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மாலையே போனேன். வாசலில் மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் கேட்டது, "அந்த டிரைவர் யாரு மாமா?" என்றுதான். நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. "எங்க போய்த் தொலைஞ்சானோ" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர்தான் விசாரித்து, அந்த மாவட்டத்து வண்டிக்கு யார் டிரைவர் என்று கண்டுபிடித்துச் சுவரொட்டி அடித்தார். துறைக்கும் அவசரம், விஷயம் பெரிதாவதற்குள் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திட்டம் புத்தகத்தில் இருக்கிறது, வண்டி ஷெட்டில் இருக்கிறது, டிரைவர் பட்டியலில் இருக்கிறார், அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். டீசல் இல்லை, யாரும் கூப்பிடவுமில்லை என்று அந்த மனிதர் சொன்னது எடுபடவில்லை. பாவம்.

அவர் என்னைத் தேடிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். என்னைக் குற்றம் சொல்ல இல்லை. செத்தது உங்கள் வீட்டுக் குழந்தை, நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று சொல்ல வந்தார்.

"எனக்கு யாரும் போன் பண்ணலங்கய்யா. என் புள்ளைங்க மேல சத்தியமா பண்ணல. பண்ணியிருந்தா நான் கடன உடன வாங்கி டீசல் போட்டாவது போயிருப்பேன். அன்னிக்கு யாரு யாருகிட்ட சொன்னாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கய்யா."

நான் அவரை உட்காரவைத்து டீ சொன்னேன். தகராறு வேண்டாம், மறதியில் போன் எடுக்காமல் விட்டுவிட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள், கொஞ்ச நாளில் வேறு வேலைக்கு நானே சொல்கிறேன் என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். நேரே குழந்தை டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் தூண்டி, இவர் வழக்குப் போட்டு, இதோ நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

நேற்று சிட்டு உங்களிடம் வந்து, 'மாமா வண்டியைக் கிளப்பிவிட்டார், டிரைவர்தான் வரவில்லை' என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் என்னிடம், அப்படியானால் அன்று நீங்கள் யாரைக் கூப்பிட்டு வண்டியை அனுப்பச் சொன்னீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

யாரையும் கூப்பிடவில்லை. வண்டி கிளம்பவில்லை. கிளம்ப முடியாது என்பது அந்த மாடத்தில் இருந்தவர்களிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். கார் வாசலில் நிற்கிறது என்று தெரிந்தும், காத்திரு என்று சொன்னது நான். ஏன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். டிரைவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. நான் அநியாயக்காரன் இல்லை.

சிட்டுவின் குழந்தையைத் தவிர மற்ற குழந்தைகளைப் பற்றி நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் என்னால் எண்ணிக்கை சொல்ல முடியாது. எண்ணாமல் இருப்பதற்குத்தானே இவ்வளவும் செய்தோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் இன்று சொன்னது சிட்டுவின் காதுக்குப் போக வேண்டாம். அவள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். போன வாரம் போன் பண்ணி, இந்தத் தடவையும் நீங்கள்தான் மாமா எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும், உங்களை நம்பித்தான் இருக்கிறேன் என்றாள். சரிம்மா, இங்கெல்லாம் வர வேண்டாம், அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் நம்பிக்கையைக் கெடுக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம்.